மூணு மாசம் ஏஜென்சி, அப்புறம் நாங்களே: சின்னக் கடைக்கும் லோக்கல் பேண்டுக்கும் சோஷியல் மீடியா மார்க்கெட்டிங், என் ரிவ்யூ

எனக்கு ரெண்டு வேலை. பகல்ல தம்பியோட சேந்து ஒரு சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட் நடத்தறேன், டி-ஷர்ட், துணிப்பை, போஸ்டர் இதெல்லாம் அடிச்சுக் குடுப்போம். வாரக் கடைசியில அஞ்சு பேர் இருக்கற ஒரு பேண்டுல பேஸ் கிட்டார் வாசிக்கறேன், பெரும்பாலும் சொந்தப் பாட்டுதான். ரெண்டுக்கும் பிரச்சனை ஒண்ணுதான், வேலை நல்லா இருக்குன்னு வந்தவங்க எல்லாரும் சொல்றாங்க ஆனா வர்றவங்க கம்மி. சரி, தெரிஞ்சவங்க கையில குடுத்துடுவோம்னு போன வருஷம் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிகிட்ட கடை, பேண்ட் ரெண்டு அக்கவுண்டையும் மூணு மாசத்துக்கு ஒப்படைச்சோம். ஏஜென்சி பேரு போடல. அந்த ஒரு ஆபீஸ் மட்டும்னா போட்டிருப்பேன், ஆனா இந்த பேக்கேஜை விக்கற முறையிலேயே கோளாறு இருக்குன்னு நான் நினைக்கறேன், அதுதான் எல்லாருக்கும் தெரியணும்.

பேக்கேஜ்ல என்ன இருந்துச்சுன்னா, மாசம் 12 போஸ்ட், 4 ரீல்ஸ், ஹேஷ்டேக் ரிசர்ச், கொஞ்சம் விளம்பரம், மாசக் கடைசியில ஒரு ரிப்போர்ட், அப்புறம் "கேரண்டீட் ஃபாலோவர் க்ரோத்". அந்தக் கடைசி வார்த்தையைப் பாத்த உடனே எழுந்து வந்திருக்கணும். அப்போ எங்களுக்குத் தெரியல.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். டிசைன் சூப்பர். கலர், எழுத்து, லோகோ வெச்ச இடம் எல்லாம் ஒரே மாதிரி சுத்தமா இருந்துச்சு, நாங்க போன்ல எடுத்த மங்கலான போட்டோவையெல்லாம் எடுத்துட்டு யூனிட்டுக்கே வந்து ஒரு நாள் முழுக்க போட்டோ எடுத்துக் குடுத்தாங்க, அந்தப் போட்டோ எல்லாம் இன்னைக்கும் யூஸ் பண்றோம். சொன்ன நாள்ல சொன்ன போஸ்ட் வந்துடும், ஒரு நாள்கூட தவறினதில்ல. தனியாளா கடை பாக்கறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும்.

ஆனா போஸ்ட்ல என்ன இருந்துச்சு? உலக அந்த தினம், உலக இந்த தினம், "உங்க பிராண்டுக்கு ஒரு அடையாளம்" அப்படின்னு ஒரு வரி, கீழ 30 ஹேஷ்டேக். எங்க லோகோவை எடுத்துட்டு ஒரு பல் டாக்டர் லோகோவை வெச்சா அவருக்கும் பொருந்தும். நாங்க என்ன அடிக்கறோம், எத்தனை பீஸ்ல இருந்து ஆர்டர் எடுப்போம், எத்தனை நாள் ஆகும், தோய்ச்சா போகுமா போகாதா, ஆர்டர் குடுக்க வர்றவங்க கேக்கற இந்த நாலு கேள்விக்கு மூணு மாசத்துல ஒரு போஸ்ட்லகூட பதில் இல்ல.

ஃபாலோவர்ஸ் ஏறுச்சு, அதை மறுக்கல. முதல் மாசமே ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. "சார் க்ரோத் எப்படி இருக்கு பாத்தீங்களா சார்"னு ஃபோன் பண்ணிச் சொன்னாங்க, எங்களுக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் ராத்திரி தம்பி உக்காந்து ஃபாலோவர் லிஸ்டை ஒவ்வொண்ணா தொறந்து பாத்தான். முகப்புப் படம் இல்ல, போஸ்ட் ஒண்ணுகூட இல்ல, பேருக்குப் பின்னாடி ஏழெட்டு நம்பர், அவங்க ஃபாலோ பண்றது மட்டும் ஆயிரக்கணக்குல. நாப்பது அக்கவுண்ட் பாத்ததுல மனுஷங்க மாதிரி தெரிஞ்சது அஞ்சு பேரு. போன்ல அதைக் காட்டிட்டு அவன் ஒண்ணுமே பேசல, அப்படியே என் கையில குடுத்துட்டுப் போயிட்டான்.

இதுல பணம் வீணானது மட்டும்னா மன்னிச்சுடலாம், அக்கவுண்டையே கெடுத்துடும், அதான் பெரிய நஷ்டம். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில வெளிப்படையாவே சொன்னாரு, ஒரு போஸ்ட் எவ்ளோ தூரம் போகும்ங்கறதுல முக்கியமா பாக்கறது மூணு விஷயம்னு: எவ்ளோ நேரம் பாக்கறாங்க, பாத்தவங்கள்ல எத்தனை பேர் லைக் போடறாங்க, எத்தனை பேர் இன்னொருத்தருக்கு அனுப்பறாங்க. புது ஆளுங்ககிட்ட போய்ச் சேர்றதுக்கு அந்த அனுப்பறதுதான் ரொம்ப முக்கியம்னும் சொன்னாரு. இப்போ யோசிச்சுப் பாருங்க, பொம்மை ஃபாலோவர் வீடியோ பாக்க மாட்டான், யாருக்கும் அனுப்ப மாட்டான், நம்ம போஸ்ட் அவன் முன்னாடி போய் விழுந்து அங்கயே செத்துப் போகும். முன்னாடி 300 பேர் இருந்தப்போ 60 லைக் வரும், ஆயிரத்துச் சொச்சம் ஆனப்புறம் 25 வந்துச்சு.

பேண்டுக்கு நடந்தது இதைவிட மோசம். "பிளேலிஸ்ட் ப்ரொமோஷன் சேத்துத் தரோம்"னு சொன்னாங்க, எங்க புது சிங்கிளை ஏதோ ரெண்டு மூணு பிளேலிஸ்ட்ல போட்டாங்க. ரெண்டு நாள்ல ஸ்ட்ரீம் செங்குத்தா ஏறுச்சு, மூணாவது நாள் அப்படியே படுத்துடுச்சு. ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆப்பைத் தொறந்து எந்த ஊர்ல கேக்கறாங்கன்னு பாத்தா, மொத்தமும் எங்களுக்கு யாரையுமே தெரியாத ஒரே ஊர், பாட்டை சேவ் பண்ணவங்க ஒருத்தர்கூட இல்ல. அடுத்த மாசம் எங்க பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்ல ஏத்திக் குடுக்கற டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட இருந்து மெயில், உங்க பாட்டுல செயற்கையான ஸ்ட்ரீம் இருக்குன்னு எச்சரிக்கை. இது விளையாட்டு இல்லைங்க, 2024ல இருந்து போலி ஸ்ட்ரீம் அதிகமா இருக்கற பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட அபராதமே வாங்குது, அவங்க அதை நம்ம தலையில கட்டலாம், பாட்டையே தூக்கலாம். அதே 2024ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தொட்டாத்தான் ராயல்டி கணக்குலயே வரும், அந்த 1,000ஐக் காட்டித்தான் இவங்க பேண்டுகளுக்கு வலை போடறாங்க. எங்க வோகலிஸ்ட் அந்தப் பாட்டுக்கு ஒரு வருஷம் உழைச்சவரு, அந்த மெயிலைப் படிச்சப்போ அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

இதுல சும்மா, ஒழுங்கா ஒரு வழி இருக்கு. பாட்டு ரிலீசுக்குக் குறைஞ்சது 7 நாள் முன்னாடி அதே ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆப்ல, பிளேலிஸ்ட் போடற எடிட்டோரியல் டீமுக்கு பிட்ச் பண்ணா, அதாவது பாட்டை எடுத்துக்கோங்கன்னு அனுப்பினா, எடிட்டர் எடுத்தாலும் எடுக்கலைன்னாலும் நம்மளை ஃபாலோ பண்றவங்களோட ரிலீஸ் ரேடார்ல, அதாவது புதுப்பாட்டு பிளேலிஸ்ட்ல, பாட்டு போய் உக்காரும். காசு கிடையாது. ஏஜென்சி இதைப் பண்ணவே இல்ல, ரிலீஸ் தேதியே அவங்களுக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல.

கடை ரீல்ஸ்ல இன்னொண்ணு. ஹிட் பாட்டு ஒண்ணை பேக்ரவுண்டுல போட்டு ஒரு ரீல் விட்டாங்க, நாலு நாள்ல சத்தம் ஊமையாயிடுச்சு. பிசினஸ் அக்கவுண்ட்ல அந்தப் பெரிய மியூசிக் லைப்ரரியை யூஸ் பண்ண லைசென்ஸ் கிடையாது, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் நடத்தற மெட்டாவோட சவுண்ட் கலெக்ஷன்ல இருக்கற ராயல்டி இல்லாத மியூசிக்தான் போடணும், காப்பிரைட் பாட்டு இருக்கற ரீலை பூஸ்ட்டும் (காசு கட்டி விளம்பரமா ஓட்டறது) பண்ண முடியாது. பாட்டு எழுதறவன் கடையில அடுத்தவங்க பாட்டைக் கேக்காம எடுத்துப் போட்டது எனக்கு ரொம்ப சங்கடமா இருந்துச்சு. இப்போ கடை ரீல் எல்லாத்துக்கும் எங்க பேண்ட் ட்ராக்தான்.

மூணு மாசம் முடிஞ்சு "போதும்"னு சொன்னோம். அப்போதான் தெரிஞ்சுது, ஃபேஸ்புக் பேஜை அவங்க பிசினஸ் போர்ட்ஃபோலியோல (பேஜ், ஆட் அக்கவுண்ட் எல்லாம் சேத்து வெக்கற மெட்டா கணக்கு) தொறந்திருக்காங்க, விளம்பரம் ஓடினது அவங்க ஆட் அக்கவுண்ட்ல. நம்ம காசுல ஓடின விளம்பரம், யார் கிளிக் பண்ணாங்க, யார் மெசேஜ் பண்ணாங்கங்கற டேட்டா, அந்த ஆளுங்களுக்கே திரும்ப விளம்பரம் காட்ட உருவாக்கின கஸ்டம் ஆடியன்ஸ், எல்லாம் அவங்களோடயே போச்சு. பேஜைக் கேட்டு நாலு மெயில் போட்டோம், "டீம்கிட்ட சொல்லிருக்கோம் சார்"னு பதில் வந்துச்சு, அதுக்கப்புறம் அதுவும் வரல. கடைசியில புது பேஜ் தொறந்தோம். தயவுசெஞ்சு இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, பேஜ், ஆட் அக்கவுண்ட், பிக்சல் (வெப்சைட்டுக்கு வந்தவங்க என்ன பண்ணாங்கன்னு மெட்டாவுக்குச் சொல்ற கோடு) மூணும் உங்க பேர்ல உங்க மெயில்ல முதல்லயே தொறங்க, ரெண்டு பேர் அட்மினா இருங்க, ஏஜென்சிக்கு பார்ட்னர் ஆக்சஸ், அதாவது வேலை பாக்கற அனுமதி, மட்டும் குடுங்க. வேணாம்னா ஒரே கிளிக்ல எடுத்துடலாம். கடைச் சாவியை வாடகைக்கு வந்தவங்ககிட்ட குடுத்துட்டு நாம வாசல்ல நிக்கக் கூடாது.

அதுக்கப்புறம் ஆறு மாசமா நாங்களே பண்றோம். வாரத்துக்கு மூணு மணி நேரம், அதுக்கு மேல போறதில்ல. எது உதவுச்சு எது உதவலைன்னு சொல்றேன்.

கடைக்கு முதல் இடம் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்குத்தான், இன்ஸ்டாவுக்கு இல்ல. இது நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க. ஆனா இன்ஸ்டாகிராம்ல இருக்கறவன் நேரம் போக்க வந்திருக்கான், கூகுள்ல "டி-ஷர்ட் பிரிண்டிங்"னு தேடறவன் கையில ஆர்டரோட வந்திருக்கான். நேரம், போட்டோ, போன் நம்பர் சரியா போட்டு, வேலை முடிச்சுக் குடுக்கும்போது "ஒரு ரிவ்யூ எழுதுங்க"னு வாயால கேக்கறோம், வந்த ரிவ்யூ எல்லாத்துக்கும், குறை சொன்னதுக்கும், பதில் எழுதறோம். ரிவ்யூக்கு டிஸ்கவுண்ட் குடுக்கறது கூகுள் விதிப்படி தப்பு, அதை மட்டும் செய்யாதீங்க.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். 2018ல வந்த ஆப், சும்மாதான் கிடைக்குது. கேட்டலாக்ல டி-ஷர்ட் வகை, துணி எடை, கலர் எல்லாம் போட்டுட்டோம், அந்த நாலு கேள்விக்கும் க்விக் ரிப்ளை, ஆர்டர் எந்த நிலையில இருக்குன்னு லேபிள். பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் போடலாம், ஆனா நம்ம நம்பரை அவங்க சேவ் பண்ணிருந்தாத்தான் மெசேஜ் போகும், நிறைய பேருக்கு இது தெரியாம "அனுப்பறேன், யாரும் பதில் சொல்லல"னு வருத்தப்படறாங்க. டெலிவரி பையில "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க"னு ஒரு சின்ன சீட்டு வெச்சோம், அவ்ளோதான்.

விளம்பரம். பூஸ்ட் பட்டனை அமுக்கறது ஈசி, ஆனா அதுல கிடைக்கற கன்ட்ரோல் கம்மி. ஏஜென்சி எங்களுக்கு ஓடவிட்டது "ப்ரொஃபைல் விசிட்" வர்றதுக்கு, விசிட் வந்துச்சு, ஆர்டர் வரல, கேட்டது எதுவோ அதைத்தான் அந்த மெஷின் குடுக்கும். இப்போ மெட்டாவோட விளம்பர டூலான ஆட்ஸ் மேனேஜர்ல போய் வாட்ஸ்அப் மெசேஜ் வர்ற மாதிரி வெக்கறோம், கடையைச் சுத்தி நாம டெலிவரி பண்ண முடியற தூரத்துக்கு மட்டும். வெச்சுட்டு கையை எடுத்துடணும். ஒரு விளம்பரம் லேர்னிங் ஃபேஸ்ல இருந்து, அதாவது யாருக்குக் காட்டலாம்னு சிஸ்டம் கத்துக்கற கட்டத்துல இருந்து, வெளிய வர வாரத்துக்குச் சுமார் 50 ரிசல்ட் வேணும்னு மெட்டாவே சொல்லுது, அந்த ஏஜென்சி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை படத்தை மாத்தி, வயசை மாத்தி, அதை முதல்ல இருந்தே திரும்பத் திரும்ப ஆரம்பிக்க வெச்சுட்டே இருந்தாங்க. சின்ன பட்ஜெட்ல 50 ஆர்டர் வராது, 50 மெசேஜ் வரலாம், அதனாலதான் மெசேஜ். இன்னொண்ணு, ஐபோன் ஆப்ல இருந்து பூஸ்ட் பண்ணா ஆப்பிளோட 30% சார்ஜ் சேரும்னு 2024ல மெட்டா சொல்லிடுச்சு, பிரவுசர்ல இன்ஸ்டாகிராம் தொறந்து பண்ணா அது இல்ல. இதை ஒரு ஏஜென்சியும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க.

எந்த விளம்பரத்துல ஆள் வந்தாங்கன்னு ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீங்க. 2021 ஏப்ரல்ல ஐபோன்ல ஒவ்வொரு ஆப்பும் "ட்ராக் பண்ணலாமா"னு கேக்கணும்னு ஆப்பிள் கொண்டு வந்தப்போ, அடுத்த வருஷம் அதனால சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் அடிபடும்னு மெட்டாவே சொல்லுச்சு. அவங்களுக்கே கணக்கு முழுசா தெரியாதப்போ நமக்கு எப்படித் தெரியும். கல்லாவுல ஒரு நோட்டு வெச்சிருக்கோம், புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் "எங்களை எப்படித் தெரியும்"னு கேட்டு எழுதறோம். ஏஜென்சி இருந்த மூணு மாசத்துல சோஷியல் மீடியா பேர்ல ரெண்டு வரி. போன மூணு மாசத்துல 19.

ரீல்ஸ்ல எங்களுக்கு ஓடினது ஒண்ணே ஒண்ணுதான், வேலையைக் காட்டறது. கறுப்பு டி-ஷர்ட்ல வெள்ளை இங்க் அடிக்கற வீடியோ. முதல் தடவை ஸ்க்வீஜியை (இங்க்கைத் தள்ற ரப்பர் பட்டை) இழுத்து ஃபிரேமைத் தூக்கினா வெள்ளை சாம்பல் மாதிரி மங்கலா இருக்கும், பாக்கறவங்களுக்கு ஐயோ வீணாப் போச்சேன்னு தோணும். அதை லேசா ஹீட் காட்டி காய வெச்சு, அதே இடத்துல ஃபிரேமை இறக்கி, மறுபடி ஒரு இழுப்பு, சர்ர்ருன்னு அந்தச் சத்தம், தூக்கினா பளீர்னு நிக்கும். "கறுப்புல வெள்ளை ஏன் ரெண்டு தடவை அடிக்கறோம்?"னு வீடியோ ஆரம்பத்துலயே எழுதிட்டோம். 22 செகண்ட். பேசல, தம்பி கை மட்டும்தான் தெரியும். அதை ஜனங்க ஃப்ரெண்டுக்கு அனுப்பினாங்க, அந்த ஃப்ரெண்டு வந்து "நம்ம டீமுக்கு 40 பீஸ் வேணும்"னு டிஎம் பண்ணாரு. மொசேரி சொன்ன அந்த அனுப்பற விஷயம் எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அந்த டி-ஷர்ட் எங்க பேண்டோடது. கடை அக்கவுண்ட், பேண்ட் அக்கவுண்ட் ரெண்டையும் கொலாப் போட்டு விட்டோம், ஒரே போஸ்ட் ரெண்டு இடத்துலயும் தெரியும், லைக், கமெண்ட் ரெண்டுக்கும் பொது. சின்னக் கடைங்களும் லோக்கல் பேண்டுங்களும் இதைப் பண்ணாம இருக்கறது எனக்கு உண்மையிலேயே ஆதங்கமா இருக்கு. ஷோ நடக்கற இடம், போஸ்டர் டிசைன் பண்ணவரு, சவுண்ட் பாக்கறவரு, அன்னைக்கு மேடையில இருக்கற இன்னொரு பேண்ட், எல்லாருக்கும் ஆளுக்கு இருநூறு முந்நூறு நிஜமான ஆளுங்க இருப்பாங்க, சேந்து போட்டா காசே இல்லாம அத்தனை பேர்கிட்டயும் போகும்.

பேண்டுக்கு மத்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். ரிஹர்சல்ல மொபைலை ட்ரைபாட்ல வெச்சு எடுத்த 20 செகண்ட் கோரஸ் ஓடும், அழகா எடிட் பண்ண "கமிங் சூன்" போஸ்டர் ஓடாது. பேண்டுங்க பாட்டையும் பொருளையும் நேரடியா விக்கற பேண்ட்கேம்ப் சைட் ரொம்பப் பிடிச்சிருக்கு, டிஜிட்டல்ல 15%, டி-ஷர்ட் மாதிரி பொருளுக்கு 10% எடுத்துக்கறாங்க, வாங்கினவங்க ஒத்துக்கிட்டா அவங்க மெயில் ஐடி நம்ம கைக்கு வருது. அந்த மெயில் ஐடிதான் சொத்து. ஷோ முடிஞ்சதும் டி-ஷர்ட் டேபிள்ல ஒரு கியூஆர் கோடு வெக்கறோம், ஸ்கேன் பண்ணி மெயில் குடுத்தா ஒரு ரிலீஸ் ஆகாத டெமோ. ஆறு மாசத்துல 140 பேர். கம்மிதான், ஆனா அடுத்த ஷோவுக்கு மெயில் போட்டா அதுல முப்பது பேர் நேர்ல வந்து நிக்கறாங்க.

ஏன் மெயில்னு டிரம்மர் கேட்டாரு, அவருக்குச் சொன்னதை இங்கயும் சொல்றேன். ஒரு காலத்துல பேண்டுன்னா மைஸ்பேஸ்ங்கற சோஷியல் மீடியா சைட்தான். 2016க்கு முன்னாடி அங்க ஏத்தின பாட்டெல்லாம் சர்வர் மாத்தும்போது அழிஞ்சு போச்சுன்னு 2019ல தெரிய வந்துச்சு, 5 கோடிக்கும் மேல பாட்டுன்னு செய்தி வந்துச்சு. சின்ன வீடியோ ஆப் வைனை 2017ல மூடிட்டாங்க. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில ஃபீட்ல குடும்பம், நண்பர்கள் போஸ்டுக்கு முன்னுரிமைன்னு மாத்தினப்போ பல வருஷமா பேஜ் வளத்தவங்களுக்கு ரீச் விழுந்துச்சு. நாளைக்கு எந்த ஆப் என்ன மாத்தும்னு யாருக்கும் தெரியாது, 140 மெயில் ஐடி இருக்கற அந்த ஃபைல் எங்க லேப்டாப்ல இருக்கும்.

மார்க் போடணும்னா, ஏஜென்சி டிசைனுக்கு 5ல 4, நேரத்துக்கு 5, மத்த எல்லாத்துக்கும் சேத்து 1. ஏஜென்சியே வேணாம்னு சொல்லல. ஒரு நாள் போட்டோ எடுக்க, எடிட் பண்ண, ஆட்ஸ் மேனேஜரை முதல் தடவை செட் பண்ண ஆள் வெச்சுக்கோங்க, அது காசுக்கு ஈடான வேலை. ஃபாலோவர், ஸ்ட்ரீம், வியூஸ் இதுல எதையாவது எண்ணிக்கையா சொல்லி கேரண்டி குடுத்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க, நிஜ ஜனங்களுக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாது. முதல் மீட்டிங்ல அவங்க உங்ககிட்ட எத்தனை கேள்வி கேக்கறாங்கன்னு பாருங்க. எங்ககிட்ட லோகோ ஃபைலும் பாஸ்வேர்டும்தான் கேட்டாங்க.

இந்த மாசத்துல இருந்து ரீல் எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு பொண்ணு வர்றாங்க, தனியா வேலை பாக்கறவங்க. முதல் நாள் யூனிட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சும்மா நின்னு பாத்தாங்க, இங்க் ஏன் இவ்ளோ கெட்டியா இருக்கு, இந்த மெஷ் எதுக்கு, கஸ்டமர் அதிகமா எதைப் பத்திச் சண்டை போடுவாங்கன்னு கேட்டுட்டே இருந்தாங்க. கிளம்பும்போது தம்பி பாஸ்வேர்டை வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமான்னு கேட்டான். "ஐயோ வேணாம்ணா, போஸ்ட் போடற ஆக்சஸ் மட்டும் குடுங்க போதும்"னாங்க. அன்னைக்கே பேசி முடிச்சுட்டோம்.